‘தன்னை’ என்பான் யார்?

புறநானூற்றின் 279ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வாகைத்திணை, மூதின்முல்லைத் துறை. தந்தையும் கணவனும் களத்திற்பட, மகனையும் போருக்கு விடுத்தாள் ஒருத்தி என்றே வகுப்பறைகளிற் கதை சொல்லப்படுகிறது. மூன்று தலைமுறை என்றால் கேட்க அழகாகத்தான் இருக்கிறது! ஆயின் பாட்டிலுள்ள சொல் தந்தை அன்று, ‘தன்னை’ என்பதாகும்.

பழையவுரை முதல் 266 பாட்டுக்களுக்கே கிடைத்துள்ளது. பிற்காலத்து உரைகாரருள் தந்தை என்பாரும் உளர்; தமையன் என்பாரும் உளர். மகட்பாற்காஞ்சிப் பாட்டில் ‘தன்னையர்’ எனப் பன்மையில் வருதல் காண்க. ஒருத்திக்குத் தந்தையர் பலராதல் எங்ஙனம்? தமையன் என்பதே பொருந்தும்.

அவ்வாறு கொண்டால் அக்குடியின் வரலாறே வேறாகிறது. முன்னொரு நாட்போரில் யானையை எறிந்து மாண்டவன் அச்சிறுவனுக்குத் தாய்மாமன். நேற்று ஆநிரையை விலக்கி வீழ்ந்தவன் தகப்பன். பிறந்த வீடும் புகுந்த வீடும் அடுத்தடுத்து ஆளிழந்தன.

மாண்ட இருவர்க்கும் பெயரில்லை, ஊரில்லை. எவ்வேந்தன் படையினர் என்பதும் இல்லை. ‘இவள்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டே அவர்தம் உறவை நாம் அறிகிறோம். அவளோ, இன்றும் பறையொலி கேட்டு, வேலைக் கையிற் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, பறட்டைக் குடுமியில் எண்ணெய் நீவி, இருக்கும் ஒரு மகனையும் விடுக்கிறாள். அப்பிள்ளைக்குத் தகப்பனோடு மாமனும் இல்லை என்பது, தமையன் எனக் கொண்டாலன்றி விளங்காது.