தொலைந்த அட்டை

காளையார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்; அதிலும் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போயிருப்பார். அந்தப் பள்ளிகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல 2007-இல் வந்தது செயல்வழிக் கற்றல். பொருத்தமான இடத்தில்கூட அது ஏன் வேர்பிடிக்கவில்லை?

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பிறந்த முறை அது. பாடத்தை அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படியில் வரிசையிட்டார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறும். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் அதை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார். ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தமிழ் அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். நாலே ஆண்டில் அது மாநிலம் முழுக்கப் பரவியது.

காளையார்கோவில் பக்கம் அட்டைகள் அச்சாகி, பெட்டியில் வந்து இறங்கின. பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல், தாழ்மட்டக் கரும்பலகை, பாயில் உட்காரும் ஆசிரியர் என்று கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வந்து சேர்ந்தது. ஆனால் ஏணியில் நடு அட்டை ஒன்று தொலைந்தால் அந்தப் படியில் பிள்ளை நின்றுவிடும். எழுதியவருக்கு அதன் வேலை தெரியும். பழைய காலண்டர் அட்டையில் வேறொன்று எழுதிக்கொள்வார். பெட்டியைப் பிரித்தவர் அடுத்த பெட்டிக்குக் காத்திருப்பார்.

ஆசிரியர்களின் சோம்பல்தான் காரணம் என்பது சுலபமான பதில். சென்னையில் அட்டை எழுதியவர்களும் அரசுச் சம்பளக்காரர்கள்தானே! ‘புத்தகமே இல்லாமல் என்ன படிப்பு?’ என்ற பெற்றோரின் முணுமுணுப்புக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. அதற்கு வாசலில் நின்று பதில் சொல்லவேண்டியவருக்கே முறை பிடிபட்டிருக்கவில்லை. வெளித்தோற்றம் மட்டும் வந்து சேர்வது இங்கே மட்டும் நடப்பதல்ல. மத்தியப் பிரதேசத்தின் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தபோது, படிவங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. பிள்ளைகளின் கற்றலில் மாற்றமில்லை.

என் தீர்ப்பு இது: செயல்வழிக் கற்றலில் குறை சொல்ல அதிகமில்லை. ஆசிரியர் தானே செய்து, கெடுத்து, திருத்திக் கற்ற காலம்தான் அதன் உயிர். அந்தக் காலத்தை வெட்டிவிட்டு மற்றதையெல்லாம் வண்டியேற்றினார்கள்.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிப்பது சரியான யோசனைதான். அரும்பில் இருக்கும் பிள்ளையோடு உட்காரவேண்டிய நேரத்தில், ஆசிரியர் அவள் மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்ற சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் நிற்கிறார்.