தேதி இல்லாத வாக்கியங்கள்

'எல்லாரும் ஒண்ணுதான்லா.' ஊழலை ஒழிப்போம் என்று எந்தக் கட்சி சொன்னாலும் நம் வட்டத்தில் இதுதான் பதில். எதையும் வாசிக்காமலே சொல்லிவிடலாம் என்பது இதிலுள்ள வசதி. 2018 பொதுத்தேர்தலுக்கு பக்காத்தான் ஹராப்பான் வெளியிட்ட 'புக்கு ஹராப்பான்' அறிக்கையை ஒரு பிரதியாக வாசித்தால் சந்தேகத்துக்கு இன்னும் நல்ல காரணங்கள் கிடைக்கின்றன.

மொத்தம் 60 வாக்குறுதிகள். நூறு நாளில் செய்வதாகச் சொன்ன 10 தனி. அந்தப் பத்திலும் ஊழல் வருகிறது: 1எம்டிபி, ஃபெல்டா, மாரா, தாபோங் ஹாஜி பற்றி அரச விசாரணை ஆணையம். அதாவது, அடுத்தவன் வீட்டு ஊழல். தங்கள் கையையே கட்டக்கூடியவை வேறு. கட்சிக்கு வரும் பணத்தைக் கணக்கில் கொண்டுவரும் அரசியல் நிதிச் சட்டம், சட்டத்துறைத் தலைவரிடமிருந்து வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைப் பிரிப்பது, ஊழல் தடுப்பு ஆணையத்தை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைப்பது. இவை நூறு நாள் பட்டியலில் இல்லை; அறுபதுக்குள் கரைந்து கிடக்கின்றன. (என் வேலையில் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இல்லாத வரியை யாரும் வேலையாகவே எடுத்துக்க மாட்டாங்க.)

தேதி போட்டதெல்லாம் நடந்துவிடவில்லை. பிடிபிடிஎன் கடனில் படித்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் நடக்காதபோது கேள்வி கேட்க ஒரு நாளாவது இருந்தது.

ஜெயிப்போம் என்று எதிர்பார்க்காமல்தான் அவ்வளவு தடிமனான அறிக்கை போட்டோம் என்ற பொருளில் 2018 ஆகஸ்டில் மகாதீர் பேசினார். பலருக்குக் கோபம். எனக்கென்னவோ அந்தப் புத்தகத்துக்கு வந்த நேர்மையான விமர்சனம் அதுதான் என்று தோன்றுகிறது.

செராமாக்களில் விற்றது வில்லன் கதை. 2022 ஆகஸ்டில் நஜிப் சிறைக்குப் போனதும் கதை முடிந்த மாதிரி இருந்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் 12 ஆண்டுத் தண்டனையைப் பாதியாக்கியது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், துணைப் பிரதமர் ஸாஹிட் மீதான 47 குற்றச்சாட்டுகளைத் தொடர வேண்டாமென்று அரசுத் தரப்பே கேட்டு, விடுதலைக்கு நிகரில்லாத விடுவிப்பு கிடைத்தது. அவர் குற்றவாளியா என்பதல்ல என் கேள்வி. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்பவரும், அந்த அரசாங்கத்தின் துணைப் பிரதமர் மீதான வழக்கைத் தொடரலாமா என்று முடிவெடுப்பவரும் ஒரே ஆள். புக்கு ஹராப்பான் பிரிக்கிறேன் என்று சொன்னது இதைத்தான். நஜிப் இருந்த வரைக்கும் அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை.

ஜிஎஸ்டியைப் பூஜ்ஜியமாக்க அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதுமாக இருந்தது. 2018 ஜூன் 1-இல் முடித்துவிட்டார்கள். அரசியல் நிதிச் சட்ட மசோதா மட்டும், ஆட்சி கவிழும்வரை இருந்த 22 மாதத்தில், நாடாளுமன்றத்துக்கு வரவேயில்லை.