வணக்கத்துக்கு மார்க் இல்லை

சென்னையில் கீபோர்டு, பியானோ, கிடார் கற்கும் பிள்ளைகளில் பலர் லண்டன் பரீட்சை எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள் என்பது பேச்சுக்கு; வாசிக்கிறார்கள். டிரினிட்டி 1877-லிருந்தும், அசோசியேட்டட் போர்டு 1890-லிருந்தும் இதை நடத்தி வருகின்றன. ஓர் அறை, ஒரு மேஜை, முன்பின் தெரியாத ஒரு பரீட்சகர். எட்டு வயசுக் குழந்தை தனியாக உள்ளே போக வேண்டும்.

அதற்கு வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை. வாசிப்புக்கு அல்ல, வணக்கத்துக்கு. கை கொடுக்கணுமா, கூடாதா? காலில் விழணுமா? 'குட்மார்னிங் சார், ஹவ் டு யூ டூ?' என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். கதவைத் திறந்தால் உட்கார்ந்திருப்பது ஒரு அம்மாள். 'சார்' தொண்டையில் சிக்க, குழந்தை பேந்தப் பேந்த விழிக்கிறது. முதல் ஸ்கேலிலேயே விரல் தடுக்குகிறது.

கணக்கைப் பாருங்கள். அசோசியேட்டட் போர்டின் நேர்முகப் பரீட்சையில் மூன்று பாடல்களுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதுச் சோதனைக்கு 18. ஆக 150. நூறு வாங்கினால் பாஸ். இதில் குட்மார்னிங்குக்கு எங்கே இடம்? 2020-லிருந்து வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் பரீட்சைகளும் இருக்கின்றன. அவற்றில் வணக்கம் சொல்ல எதிரே ஆளே இல்லை. மார்க் விழத்தான் செய்கிறது.

குழப்பம் எங்கே என்றால், நாம் பரீட்சகரையும் குருவையும் ஒன்றாக நினைக்கிறோம். குருவுக்கு நமஸ்காரம் செய்வது நியாயம். அவருக்குக் குழந்தையைத் தெரியும்; போன மாதம் ஜுரம் வந்ததும் தெரியும். பரீட்சகருக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது. அந்நியராக இருப்பதுதான் அவருடைய தகுதி. அதைக் கெடுக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். டீச்சர் பேர், போன கிரேடில் வாங்கிய மார்க் எதையும் சொல்ல வேண்டாம். அப்பாக்கள் கதவிடுக்கில் தலை நீட்டி, 'ஷி இஸ் எ லிட்டில் நெர்வஸ்' என்று சிபாரிசு செய்ய வேண்டாம்.

அப்படியானால் வணக்கமே வேண்டாமா? வேண்டும், குழந்தைக்காக. ஒரு 'ஹலோ' சொன்னால் அடைத்த மூச்சு வெளியே வருகிறது. அவ்வளவுதான் அதன் உபயோகம். வாயில் வருகிற ஹலோ போதும். கேட்டால் பேரைச் சொல்லட்டும். ஸ்டூல் உயரமாக இருந்தால் சரி செய்துகொள்ளட்டும். சொன்னது புரியவில்லையா, 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்கட்டும். இதைத்தான் ஒத்திகை பார்க்கணும். புரியாமலே தலையாட்டும் மரியாதை நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். பரீட்சகர் சிரிக்காமல் இருக்கலாம். வாசிக்கும்போதே குனிந்து எழுதலாம். பாதியில் 'தேங்க் யூ' என்று நிறுத்தலாம். கோபமில்லை. வேண்டிய அளவு கேட்டாயிற்று என்று அர்த்தம். இது தெரியாததால், நன்றாக வாசித்த குழந்தைகளும் அழுதுகொண்டே வெளியே வருகின்றன.

வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'விஷ் பண்ணினியா?' 'எப்படி வாசிச்சே?' என்று கேளுங்களேன். லண்டனிலிருந்து வரும் தாளில் இருக்கப்போவது அதற்கான பதில்தான்.