இசைத்தட்டும் சித்திரக் கதையும்

காமிக்ஸ் ஓசையற்ற கலை. கட்டத்துக்குள் ஒருவன் கிதார் வாசித்தால் நாம் காண்பது வளைந்த விரல்கள், திறந்த வாய், தலைக்கு மேல் மிதக்கும் இரண்டு ஸ்வரக் குறிகள். அவ்வளவுதான். ஆனால் இந்த ஊமைக் கலையின் ரசிகர்கள் அமெரிக்காவில் இசையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களாக இருந்திருக்கிறார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைந்திருக்கிறார்கள், இசைக்காகப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், சிலர் வாத்தியத்தையும் கையில் எடுத்திருக்கிறார்கள். இதைத் தனிமனிதர்களின் விநோதப் பழக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒருவன் கேட்கும் இசை அவன் போடும் கோட்டில் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த ரசனைக்கு என்ன மதிப்பு? கேள்வி காமிக்ஸோடு நிற்கக்கூடியதல்ல என்பதால் இங்கே எழுப்புகிறேன்.

வெளிப்படையான ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே மலிவான சரக்காகப் பிறந்தவை. காமிக்ஸ் புத்தகம் பத்து சென்ட். 78 சுழற்சி இசைத்தட்டு, பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். இரண்டையும் வாங்கியவர்கள் பத்திரப்படுத்த வாங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழைய காகிதத்தைச் சேகரித்தார்கள். காமிக்ஸ் மூட்டை மூட்டையாகப் போயிற்று. இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த அரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும் பழைய இசைத்தட்டுகளையும் சேகரித்து உருக்கினார்கள். மிஞ்சியவை அரிய பொருள்கள் ஆயின. ஆக, அருமை என்பது இவற்றின் உள்ளே இருந்த குணமல்ல; மற்றவர்களின் அலட்சியம் பின்னால் கொடுத்தது. இதை மறந்துவிடும் ரசிகன், தான் கண்டெடுத்தது என்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்தது என்று நம்பத் தொடங்குகிறான்.

பத்திரிகைகளின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961இல் டெட்ராய்ட்டில் ஜெர்ரி பெய்ல்ஸ் காமிக்ஸ் ரசிகர்களுக்காக 'ஆல்ட்டர் ஈகோ'வைக் கையால் சுற்றும் இயந்திரத்தில் நகலெடுத்து அனுப்பினார். 1966இல் பால் வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவர் ராக் இசை விமர்சனத்துக்கென்றே 'க்ராடாடி'யை சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்டார். அதற்கு முன்பே விஞ்ஞானக் கதை ரசிகர்களின் பத்திரிகைகளில் பழகிய கை அவருடையது. 1976இல் நியூயார்க்கில் ஜான் ஹோம்ஸ்ட்ரம் 'பங்க்' தொடங்கினார். இவர் ஹார்வி கர்ட்ஸ்மனிடமும் வில் ஐஸ்னரிடமும் சித்திரக் கதை பயின்றவர். முதல் இதழில் லூ ரீடின் பேட்டியே கையெழுத்தும் கார்ட்டூனுமாக வந்தது. ராக் விமர்சனம் பல்கலைக்கழகத்திலிருந்தோ பெரிய பத்திரிகைகளிலிருந்தோ வரவில்லை. இந்த மாதிரிப் பையன்களின் அறையிலிருந்து வந்தது. நமக்கு இது உவப்பான செய்திதான். ஆனால் அறை சிறியதாக இருந்தது என்பதற்காக அதில் பேசப்பட்டதெல்லாம் பெரியதாகிவிடாது. அதற்கு மனிதர்களைப் பார்க்க வேண்டும்.

நான் பார்க்க விரும்புவது இருவரை. 1962இல் க்ளீவ்லாந்தில் ராபர்ட் க்ரம்பும் ஹார்வி பெக்கரும் சந்தித்தார்கள். ஒருவர் வாழ்த்து அட்டைக் கம்பெனியில் படம் போட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன். மற்றவர் நாலு வயது மூத்தவர், ஏற்கனவே ஜாஸ் பற்றி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். இருவரையும் சேர்த்து வைத்தது பழைய இசைத்தட்டு. அங்கிருந்து இருவரும் போன வழிகள் வேறு வேறு.

க்ரம்பை எல்லோரும் 1960களின் கலகக்காரர் என்றே அறிவார்கள். 1968இல் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் 'ஸாப்' முதல் இதழ். அதே வருஷம் ஜானிஸ் ஜாப்ளின் பாடிய 'சீப் த்ரில்ஸ்' தட்டின் உறை. பின் அட்டைக்கென்று போட்ட சித்திரம்தான் ஜாப்ளினுக்குப் பிடித்துப்போய் முன் அட்டை ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால் க்ரம்புக்கு அந்த இசை பிடிக்காது. அந்தத் தலைமுறையின் கொடி என்று கருதப்பட்ட சித்திரத்தைப் போட்டவர் மனத்தால் 1929இல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான 78 தட்டுகளைச் சேர்த்தார். தன் சித்திரங்களைக் கொடுத்துத் தட்டுகளை வாங்கினார். 1970களில் 'சீப் சூட் ஸெரனேடர்ஸ்' என்று ஒரு குழு அமைத்து பேஞ்சோ வாசித்தார். தாத்தா பாட்டிகளின் அழகான இசையெல்லாம் எங்கே போயிற்று என்று தலைப்பிலேயே கேட்கும் ஒரு சித்திரக் கட்டுரையும் வரைந்தார். வானொலியும் வியாபாரமும் வந்து, ஜனங்கள் தமக்குத் தாமே வாசித்துக்கொண்ட இசையை அழித்துவிட்டன என்பது அவர் கட்சி.

கட்சியில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் அழுகிற இசை நமக்குக் கிடைத்ததே வியாபாரத்தின் வழியாகத்தான். சார்லி பாட்டனையும் ஸ்கிப் ஜேம்ஸையும் பதிவு செய்த பாரமவுண்ட், விஸ்கான்ஸினில் நாற்காலி செய்த ஒரு கம்பெனியின் கிளை. கறுப்பர்களிடம் விற்பதற்காக அவர்கள் பதிவு செய்தார்கள். விற்கவில்லை என்றால் விட்டுவிட்டார்கள். பரிசுத்தமான கிராமத்து இசை, அசுத்தமான வியாபாரம் என்ற பிரிவினை அந்தத் தட்டின் அரக்கிலேயே நிற்காமல் போகிறது.

இதைவிடக் கனமான ஒரு பிரச்னை க்ரம்பின் கோட்டில் இருக்கிறது. அவர் நேசித்த தட்டுகளும் அவர் கற்றுக்கொண்ட கார்ட்டூன் பாணியும் ஒரே காலத்துச் சரக்கு. அந்தக் காலத்து இசை கறுப்பர்களின் குரலைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து கார்ட்டூன் அதே கறுப்பர்களைப் பெருத்த உதடும் உருண்ட கண்ணுமாகக் கேலி செய்தது. க்ரம்ப் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். 'சீப் த்ரில்ஸ்' உறையில் 'ஸம்மர்டைம்' பாட்டுக்கான கட்டத்தில் அந்தக் கேலிச் சித்திரமே உட்கார்ந்திருக்கிறது. கேலியையே கேலி செய்கிறார் என்று அவர் ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. காது ஒரு மனிதனைக் கேட்கிறது. கை அவனை பொம்மையாக்குகிறது. காது கற்றதைக் கை கற்கவில்லை.

கற்ற இடமும் உண்டு. 1980இல் ப்ளூஸ் கலைஞர்களின் முகங்களைச் சிறு அட்டைகளாக வரைந்தார். 1984இல் 'பாட்டன்' என்ற கதையில் மிஸிஸிப்பியின் பருத்திப் பண்ணைகளையும் குடியையும் கத்திக் குத்தையும் 1934இல் வந்த சாவையும் வரைந்தார். இங்கே பாட்டன் ஒரு முகமுள்ள மனிதன். கோடு அடங்கி, கனத்து, கறுப்பு மை பக்கத்தை ஆள்கிறது. நகைப்பு விலகிவிடுகிறது. முன்பு போட்ட பொம்மைகளுக்கு இது பரிகாரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சேகரித்த இசை சேகரித்தவனின் கையை மாற்றியதற்கு இந்தப் பன்னிரண்டு பக்கம் சாட்சி. க்ரம்பின் அலமாரியைவிட எனக்கு இது முக்கியம்.

பெக்கரின் விஷயம் இன்னும் தெளிவானது. க்ளீவ்லாந்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் 1965 முதல் 2001 வரை ஃபைல் குமாஸ்தா. படம் போடத் தெரியாது. குச்சி மனிதர்களை வரைந்து, வசனத்தை எழுதி, சித்திரக்காரர்களிடம் கொடுப்பார். 1976இலிருந்து சொந்தக் காசில் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' வெளிவந்தது. விஷயம்: கடையில் வரிசையில் நிற்பது, கார் கிளம்பாதது, சக குமாஸ்தாவின் பேச்சு, மனைவியோடு சண்டை. பறக்கும் வீரர்களைப் பார்த்துப் பழகிய ரசிகர்களிடம் இதை நீட்டினார்.

இதில் ஜாஸ் எங்கே இருக்கிறது? பெக்கர் ஜாஸ் கேட்டார், ஜாஸ் பற்றி எழுதினார் என்பதெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு. நான் சொல்வது அமைப்பைப் பற்றி. அவருடைய குச்சிச் சித்திரம், பாடகருக்குக் கொடுக்கும் பல்லவி போல. அதை க்ரம்ப் ஒரு விதமாக விஸ்தரிக்கிறார், கேரி டம் வேறு விதமாக. ஒரே ஹார்வி ஒரு கதையில் மயிர் சிலிர்த்த குரங்கு போலவும் அடுத்ததில் சோர்ந்த நடுவயதுக்காரனாகவும் வருகிறான். காமிக்ஸ் உலகில் கதாநாயகனின் முகம் மாறவே கூடாது. அதுவே வியாபார முத்திரை. பெக்கர் அந்த முத்திரையை விட்டுக்கொடுத்தார். ஒரே மெட்டு வேறு வேறு கைகளில் வேறாக ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அது சாத்தியம்.

1977இல் க்ரம்ப் வரைந்த 'ஹார்வி பெக்கர் பெயர்க் கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கம். கட்டத்துக்குக் கட்டம் ஒரே ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான். டெலிபோன் புத்தகத்தில் தன் பெயரிலேயே வேறு ஆட்கள் இருப்பதைக் கண்டதையும் அவர்கள் இறந்துபோனதையும் சொல்கிறான். சம்பவம் என்று ஒன்றும் கண்ணுக்கு முன் நடப்பதில்லை. புருவம் சற்று ஏறுகிறது, வாய் மூடுகிறது. சில கட்டங்களில் பேச்சே இல்லை. அந்தப் பேச்சற்ற கட்டங்களில் நாம் நிற்க வேண்டியிருக்கிறது, தாளம் விழாத அட்சரத்தில் நிற்பது போல. ஓசையற்ற கலை இசையிடமிருந்து எதையாவது பெற முடியும் என்றால் அது இந்தக் கால அளவுதான். ஸ்வரக் குறிகளை வரைவதால் அது வராது.

பெக்கரின் இன்னொரு கதை 1979இல் வந்தது. அதையும் க்ரம்பே வரைந்தார். இசைத்தட்டு சேர்ப்பதை எப்படி நிறுத்தினேன், மிச்சமான காசில் எப்படிக் காமிக்ஸ் புத்தகம் போட்டேன் என்பதே தலைப்பு. குடியை விட்டவன் பேசுவது போலச் சேகரிப்பின் பித்தைப் பற்றிப் பேசுகிறார். ஜாஸை அவர் விடவில்லை. வாங்கி அடுக்குவதை விட்டார். ரசனைக்கும் உடைமைக்கும் நடுவே இவ்வளவு சாதாரணமாக, கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டுவது போல, ஒரு கோடு கிழித்த வேறொரு கலைஞனை நான் படித்ததில்லை.

இந்தச் சேகரிப்பாளனையே பாத்திரமாக்கிய படம் டெரி ஸ்விகாஃபின் 'கோஸ்ட் வேர்ல்ட்' (2001). டேனியல் க்ளோஸின் காமிக்ஸிலிருந்து எடுத்தது. மூலத்தில் ஏறக்குறைய இடமே இல்லாத ஸீமோர் என்ற தட்டுப் பைத்தியம் படத்தின் மையத்துக்கு வருகிறான். ஸ்விகாஃபும் 78 தட்டு சேர்ப்பவர், க்ரம்பின் குழுவில் வாசித்தவர், 1994இல் க்ரம்பைப் பற்றி ஆவணப் படம் எடுத்தவர். ஸீமோரின் அறையில் ஒரு பழைய விளம்பரச் சித்திரம் கிடக்கிறது: அதே கறுப்பர் கேலி முகம். கதாநாயகி ஈனிட் அதை எடுத்துப்போய் ஓவியக் கண்காட்சியில் வைக்க, ஊரே கொதிக்கிறது. க்ரம்பின் ரசிகர்கள் தவிர்த்த கேள்வியை க்ரம்பின் நண்பரே படத்துக்குள் கொண்டுவந்து வைத்தது நேர்மையான காரியம்.

படம் ஆரம்பிப்பது 'கும்நாம்' (1965) ஹிந்திப் படத்து நடனப் பாட்டோடு. ஷங்கர் ஜெய்கிஷன் இசை, ரஃபியின் குரல். ஈனிட் டெலிவிஷன் முன் நின்று ஆடுகிறாள். அவளுக்கு அது யாரும் கண்டிராத புதையல். இந்தியாவிலோ அது வெற்றி பெற்ற படத்தின் பாட்டு. ரேடியோவில் கேட்டுச் சலித்தவர்கள் உண்டு. அதோடு அந்தப் பாட்டே அமெரிக்க ராக் நடனத்தின் நகல். தன் ஊர் உதறியது வேறு ஊர் சுற்றி, முகமூடி போட்டுத் திரும்பி வருகிறது. அதை அவள் அபூர்வம் என்று கொண்டாடுகிறாள். பிறகு ஸீமோரிடம் வாங்கிய தட்டில் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பாடிய ஒரு ப்ளூஸைக் கேட்கிறாள். முடிந்ததும் எழுந்து ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைக்கிறாள். முதல் பாட்டில் அவள் ஆடினாள். இரண்டாவதில் அசையாமல் இருக்கிறாள். அபூர்வத்தைக் கொண்டாடுவதற்கும் ஒரு குரலைக் கேட்பதற்கும் உள்ள தூரத்தைப் படம் இந்த இரண்டு காட்சிகளில் வைத்துவிட்டது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை 1964இல் மூன்று இளைஞர்கள் மிஸிஸிப்பியில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் நியூபோர்ட் விழாவில் பாடினார். 1969இல் இறந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் உயிரோடு இருந்தார்; தட்டு மட்டும் அரிய பொருளாகிக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் ஹெர்னாண்டெஸ் சகோதரர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 1981இல் தாமே அச்சிட்டு, மறு வருஷம் ஃபாண்டக்ராஃபிக்ஸ் வழியாக வந்த 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' அவர்கள் இரவில் கேட்டுக்கொண்டிருந்த பங்க் இசையிலிருந்து நேராகப் பிறந்தது. ஹைமே வரைந்த ஹோப்பி பங்க் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவள். குழு உடைகிறது, வாடகை பாக்கி, வயதாகிறது, உடம்பு பெருக்கிறது. பழைய தட்டு மாறாது, பாத்திரங்கள் மாறுகிறார்கள். சமகால இசையை நேசித்தவர்களுக்குக் கிடைத்த லாபம் இது. 1985இல் ஓர் ஆங்கிலேய ராக் குழு இந்தக் காமிக்ஸின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது என்பதும் பொருத்தமே.

நமக்கு இதில் என்ன? நம் வட்டத்திலும் ஸீமோர்கள் உண்டு. யாரும் படிக்காத ஐரோப்பியக் கவியின் பெயர், கிடைக்காத பழைய சிறு பத்திரிகையின் முழுத் தொகுதி, மறுபதிப்பு வராத நாவலின் முதல் பதிப்பு. இவற்றைச் சொல்லிக்கொள்வதும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் பொறாமையோடு கேட்பதும் விமர்சனம் என்ற பெயரில் நடக்கிறது. சேர்ப்பதை நான் பழிக்கவில்லை. யாரோ சேர்க்காவிட்டால் ஸ்கிப் ஜேம்ஸ் நமக்கு இல்லை. ஆனால் ஒருவர் தன் அலமாரியைக் காட்டும்போது, அதிலிருந்து அவருடைய எந்த வரி மாறியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெக்கர் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டார். தட்டுக்கடைக்குப் போக வேண்டிய காசை அச்சகத்தில் கட்டினார்.