வாருங்கள் பிள்ளைகளே, மலையேறலாம்!

இலங்கைப் படத்தை விரித்து வையுங்கள். நடுவிலிருந்து கொஞ்சம் தெற்கே, கடும் பழுப்பு நிறம் பூசிய இடம் ஒன்று தெரிகிறதா? அதில் விரலை வையுங்கள். உலகத்திலேயே எனக்கு ஆகப் பிடித்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்! நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா, அப்புத்தளை, பதுளை எல்லாம் அந்தப் பழுப்பு நிறத்துக்குள்தான் இருக்கின்றன. இரண்டாயிரம் மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் அங்கே பத்துக்கு மேல் உண்டு. பாடப் புத்தகம் பெயரையும் உயரத்தையும் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும். ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், ஒவ்வொரு மலையைப் பற்றியும் ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள்.

“எவரெஸ்ட் 8849 மீற்றர். எங்கட நாட்டின் ஆகப் பெரிய மலை 2524 மீற்றர்தானே?” என்று சில பிள்ளைகள் முகத்தைச் சுருக்குவார்கள். முதலில் வயதைக் கேளுங்கள்! இமயமலை எழும்பத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் மலைநாட்டிலோ 200 கோடி ஆண்டளவு பழைய பாறைகள் உண்டு. இலங்கையும் இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில், பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து இறுகி உருமாறிய பாறைகள் அவை. மேலே மூடியிருந்ததையெல்லாம் மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கொண்டுபோக, இன்று நாம் அவற்றின் மேல் நின்று படம் பிடிக்கிறோம். அடுத்த முறை மலைப்பாதையில் ஒரு பாறையில் குந்தி இளைப்பாறும்போது அதைக் கையால் தடவிப் பாருங்கள். டைனோசர்கள் பிறப்பதற்கு வெகு முன்பே உண்டான கல் அது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எவரெஸ்ட் உச்சிக்குப் போகப் பல மாதப் பயிற்சியும் பெரும் பணமும் வேண்டும். நம் சிகரங்கள் பலவற்றின் உச்சியில் பத்து வயதுப் பிள்ளை தன் சொந்தக் காலில் ஏறி நிற்கலாம். விடிய ஏறத் தொடங்கினால், பொழுது சாய முன்னர் கீழே வந்துவிடலாம். இப்படியொரு மலைநாடு வாய்த்தது நமக்குப் பெரிய கொடை.

ஆக உயரமான பீதுருதலாகலவை நுவரெலியா நகரத்தில் நின்றே பார்க்கலாம். பார்த்தவுடன், “இதுவா இலங்கையின் பெரிய மலை?” என்று தோன்றும். காரணம் எளிது. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்பது மிச்சமுள்ள 650 மீற்றர் மட்டுமே. உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் இருப்பதாலும் அது பாதுகாப்பு வலயம் என்பதாலும் நினைத்த நேரத்தில் மேலே போக முடியாது. பரவாயில்லை, கீழே நின்று கையசைத்துவிட்டு என்னோடு மஸ்கெலியாப் பக்கம் வாருங்கள்.

அங்கேதான் சிவனொளிபாதமலை! மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று பாருங்கள். தண்ணீருக்கு அப்பால் தேயிலை மலைகள், அதற்கு மேல் கருங்காடு, எல்லாவற்றுக்கும் மேலே கூர்மையாக, தன்னந்தனியாக ஒரு சிகரம். உயரம் 2243 மீற்றர். பீதுருதலாகலவைவிட 281 மீற்றர் குறைவு. ஆனாலும் முற்காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் இதைத்தான் இலங்கையின் பெரிய மலை என்று நம்பினார்கள். மலைநாட்டின் விளிம்பில் நிற்பதால், இதற்குத் தெற்கே இரத்தினபுரிப் பக்கம் நிலம் சடாரென்று இறங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கம்பீரம். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கூர் முனை என் நெஞ்சை நிமிர்த்துகிறது.

உச்சியில் ஒரு பாதச் சுவடு இருக்கிறது. சிவபெருமானின் பாதம் என்று சைவர்களும், புத்தரின் பாதம் என்று பௌத்தர்களும், ஆதம் நபியின் பாதம் என்று முஸ்லிம்களும், ஆதாமின் அல்லது புனித தோமாவின் பாதம் என்று கிறிஸ்தவர்களும் போற்றுகிறார்கள். நான்கு சமயத்தவரும் ஒரே படியில், ஒருவருக்கொருவர் கை கொடுத்து ஏறும் மலை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! மொரோக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய இபன் பதூதாவும் 1344ஆம் ஆண்டு இந்த மலையில் ஏறினார். அன்றைக்குச் சீமெந்துப் படி ஏது? பாறையில் கட்டிய சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

பருவகாலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும். அட்டன் வழியாகப் போனால் நல்லதண்ணியில் இறங்க வேண்டும். அங்கிருந்து உச்சி வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நள்ளிரவு தாண்டி நடக்கத் தொடங்குவோம். மலை முழுக்க விளக்குகள் எரியும். அண்ணாந்து பார்த்தால் அந்த விளக்கு வரிசை வளைந்து வளைந்து நட்சத்திரங்களுக்குள் போய் முடியும். எது விளக்கு, எது நட்சத்திரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது! வழியில் சீத கங்குல என்ற ஓடை. முகம் கழுவினால் நித்திரை பறந்து போகும். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து “கருணாவய்” என்று வாழ்த்துவார்கள். இந்தப் பக்கம் “அரோகரா” கேட்கும், அந்தப் பக்கம் “சாது சாது” கேட்கும். எண்பது வயதுப் பாட்டிமார் தடியூன்றி நம்மை முந்திக்கொண்டு போவார்கள். தேநீர்க் கடைகளில் வெறுந்தேநீரும் சூடான ரொட்டியும் கிடைக்கும். அந்தக் குளிரில் அந்தத் தேநீருக்கு இணையான ஒன்றை நான் இன்னும் குடித்ததில்லை.

ஏன் இவ்வளவு குளிர்? மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறையும், காற்று விரிந்து குளிரும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய ஆயிரம் மீற்றர்தான். ஆகவே கீழே சட்டையோடு நடக்கத் தொடங்கியவர்களுக்கு மேலே கம்பளித் தொப்பி கட்டாயம் வேண்டும்.

விடியும்போது எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு உடனே மேற்கே ஓடி வந்துவிடுங்கள்! மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் மிகச் சரியான முக்கோணமாக விழுந்து கிடக்கும், பல கிலோமீற்றர் நீளத்துக்கு. சூரியன் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே மலையடிக்கு வரும். மலை கூராக இருப்பதால் நிழலும் கூர் என்று நினைக்கிறீர்களா? தட்டையான மலையின் உச்சியில் நின்றாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நீண்டு போகும் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோலத் தெரியுமல்லவா, அதே கண்மயக்கம்தான் நிழலின் இரு ஓரங்களையும் தூரத்தில் ஒன்று சேர்க்கிறது. காரணம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் வாய் பிளந்து நிற்கிறேன். உச்சியில் ஒரு மணி கட்டியிருக்கிறார்கள். இதுவரை எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை அடிக்கலாம். முதல்முறை ஏறிய பிள்ளைகள் அந்த ஒற்றை மணியை அடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஹோர்ட்டன் சமவெளி வேறோர் உலகம். இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே, மலைகளின் தலையில் விரித்த புல்வெளி. காலையில் மரைகள் கூச்சமில்லாமல் பாதையோரம் மேயும். தை, மாசி மாதங்களில் புல் நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எல்லோரும் இங்கே “உலக முடிவு” என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க ஓடுவார்கள். ஏறக்குறைய 870 மீற்றர் ஆழம்! பார்க்க வேண்டியதுதான். ஆனால் என் மனம் கிரிகல்பொத்தவிடம்தான் இருக்கிறது. இது நாட்டின் இரண்டாவது பெரிய சிகரம், 2390 மீற்றரளவு. இலங்கையில் நாம் விரும்பியபடி நடந்து ஏறக்கூடிய ஆக உயரமான இடம் இதுதான். ஒரு வழிக்கு ஏழு கிலோமீற்றரளவு நடை. புல்வெளி, ஓடை, முகில்காடு, மறுபடி புல்வெளி என்று பாதை மாறிக்கொண்டே போகும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களோடு போகலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தொட்டுபொலகந்த இருக்கிறது. மூன்றாவது பெரிய சிகரம், 2357 மீற்றர். பட்டிப்பொல நுழைவாயில் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டுவிடலாம். இராவணனின் புட்பக விமானம் வந்து இறங்கிய இடம் என்று அதற்கொரு கதையும் உண்டு.

முகில்காடு என்றேனே, அதற்குள் ஒரு தரம் நின்று பாருங்கள். மரங்கள் குட்டையாக, முறுக்கி வளைந்து, உடம்பெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். மழை பெய்யாத நேரத்திலும் காட்டுக்குள் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும். முகில் மரங்களுக்குள் புகுந்து போகும்போது இலையும் பாசியும் அதிலுள்ள ஈரத்தைப் பிடித்துத் துளியாக்கி மண்ணுக்குக் கொடுக்கின்றன. அந்தத் துளிகள் ஊற்றாகி, ஓடையாகி, ஆறாகின்றன. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கலக்கும் 335 கிலோமீற்றர் நீளமான மகாவலிக்கும், தெற்கே ஓடும் வளவை கங்கைக்கும் இந்தச் சமவெளிப் பக்கமிருந்து தண்ணீர் போகிறது. களனி கங்கையும் களு கங்கையும் சிவனொளிபாதமலைப் பக்கத்துக் காடுகளில் பிறக்கின்றன. கொழும்பில் நீங்கள் குடிக்கும் தண்ணீரில் இந்த மலைகளின் பங்கு உண்டு, மறந்துவிடாதீர்கள்.

நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்க்கக் கையை முஷ்டியாக மடக்குங்கள். விரல் மூட்டுகள் மேடும் பள்ளமுமாகத் தெரிகின்றனவா? கண்டிப் பக்கமிருந்து பார்த்தால் அந்த மலை அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் ‘விரல் மூட்டுகள்’ என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தார்கள். மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் வழியாகப் போனால் காற்று ஆளைத் தள்ளும்! சில கிலோமீற்றருக்குள்ளேயே ஈரக்காடு, குட்டைக்காடு, புல்வெளி என்று காட்சி மாறிவிடும். மூக்கில் இலை வைத்ததுபோல ஒரு ஓணான் இங்கே வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் அதன் உறவுக்கார ஓணான் மூக்கில் கொம்போடு திரியும். நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எனக்கு ஏற்பட்ட பெருமை இன்னும் குறையவில்லை.

இந்த மலைகள் காற்றையும் மழையையும் பங்கு பிரிக்கும் விதம் அற்புதம். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து ஈரக் காற்று வரும். மலை மறிக்கும். காற்று மேலே ஏறிக் குளிர்ந்து கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்க்கும். ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் ஊவாவுக்குள் காய்ந்து இறங்கும். இன்னும் கிழக்கே போய் மட்டக்களப்பில் சுடச்சுட வீசும்போது அதைக் கச்சான் காற்று என்பார்கள். ஊவாத் தேயிலையின் தனி வாசனைக்கும் அந்த வறண்ட காற்றே காரணம். பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது மூட்டமாக இருந்த வானம், வெளியே வரும்போது பளிச்சென்று வெளுத்திருப்பதை நானே கண்டு துள்ளியிருக்கிறேன். பட்டிப்பொலதான் இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம், 1891 மீற்றர்.

அந்த ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்காகப் பாறையை உடைத்தவர்களில், மலைச்சரிவுகளில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்களில், தமிழ்நாட்டிலிருந்து படகிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் இந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள். ஜன்னலோரம் இருந்து “எவ்வளவு அழகு!” என்று சொல்லும்போது, அந்தப் பச்சை யார் கையால் உண்டானது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும் மார்கழிப் பௌர்ணமிக்கு முன்பே வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லிவையுங்கள். கம்பளித் தொப்பி, டோர்ச் லைட், மீண்டும் நிரப்பக்கூடிய தண்ணீர்ப் போத்தல் போதும். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள், சிவனொளிபாதமலையிலோ அவை காட்டுக்குள் போய்க் குவிகின்றன. ஓடாமல், ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்கினால் இருந்து எழும்பி ஏறுங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா எங்கே என்று ஆசிரியர் கேட்டால், தயங்காமல் கையை உயர்த்தி “மலைக்கு, சேர்!” என்று சொல்லுங்கள்.