பாவ அறிக்கையில் வரும் ‘நாங்கள்’ யார்?

ஜூன் மாதத்தில் நம் திருச்சபைகள் ஆசரிக்கும் சுற்றுச்சூழல் ஞாயிறுக்கெனத் தயாரிக்கப்பட்ட வழிபாட்டு முறைகள் சிலவற்றை அண்மையில் ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவற்றின் மொழி செம்மையானது. படைப்பைப் பற்றிய இறையியலும் பழுதற்றதே. ஆதியாகமம் 1:28 மனிதனுக்கு அளிக்கும் ஆளுகையை முன்னிட்டு லின் ஒயிட் 1967இல் கிறிஸ்தவத்தின்மீது சாட்டிய குற்றத்துக்கு அவை தக்க மறுமொழி கூறுகின்றன. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், படைப்பின் முழுமை ஆகியவற்றை இணைத்துப் பேசியதன் எதிரொலியும் அவற்றில் உண்டு. நமக்கு இடறலாகத் தோன்றுவது அவற்றிலுள்ள பாவ அறிக்கை ஒன்றே.

நிலத்தையும் நீரையும் வானத்தையும் நாங்கள் கெடுத்தோம் என்று சபையார் ஒருமித்துச் சொல்லுகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இதனைச் சொல்லுவோருக்குக் காலநிலை மாறிவருகிறது என்று எவரும் எண்பிக்கத் தேவையில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராது நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. டிசம்பர் 2ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் இறங்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் பாலத்தினடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் இரயில்கள் நின்றன. ஒரு தனிப் புயலைக் காட்டி, இது காலநிலை மாற்றத்தின் விளைவே என்று அறுதியிட்டுரைப்பது முறையன்று. ஆயினும் வெப்பம் ஒரு பாகை உயருமாயின் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். சபையாருள் பலர் அதனைத் தம் வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோடாகவே கண்டனர்.

விசுவாசம் இவ்வளவு இருக்க, வாழ்க்கைமுறையோ அசையவில்லை. அதே டிசம்பரில் கிறிஸ்துமஸ் பதாகைகள் முன்போலவே எழுந்தன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் குவளைகள் அன்பின் விருந்துகளில் இன்றும் தலைகாட்டுகின்றன. பிறரைச் சொல்லுவானேன்? காலநிலையைக் குறித்துப் பேசும்படி திண்டிவனத்துக்கு அழைக்கப்பட்ட நாம், விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தைக் குளிரூட்டிய காரில் தனியே கடந்தோம். அவ்வழியில் பாசஞ்சர் இரயில் உண்டு; பேருந்துக்கோ குறைவே இல்லை.

சுற்றுச்சூழல் ஞாயிறன்று ரோமர் 8ஆம் அதிகாரத்திலிருந்து படைப்பின் தவிப்பைப் பிரசங்கிக்கும் நாம், அதற்கு முந்திய அதிகாரத்தை ஏனோ தொடுவதில்லை. அறிந்தும் செய்யாத மனிதனைப் பவுல் அங்கேயல்லவோ காட்டுகிறார்! தொடுகிறவர்களும் அதனை ஓர் ஆறுதல் வசனமாகவே கையாளுகின்றனர். அப்போஸ்தலனின் புலம்பல் நம் கையில் சலுகைச் சீட்டாகிவிடுகிறது.

நாம் செய்கிறவையும் ஆராயத்தக்கவை. ஜூன் 5ஐ ஒட்டி மரக்கன்று நடுகிறோம். அந்நாள் 1972இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய மாநாட்டின் நினைவாக வந்தது; நம் வட்டாரத்து மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறது. அக்கினி நட்சத்திரம் கழிந்த சூட்டில் நட்ட கன்று, புகைப்படம் எடுத்தபின் தண்ணீர் ஊற்றுவாரின்றிக் கருகுகிறது. அடுத்த ஜூனில் அதே குழியில் மற்றொரு கன்று. இதனிடையே மிஷனரிமார் விட்டுச்சென்ற வளாகங்களில் நின்ற புளியும் வேம்பும் கலியாண மண்டபத்துக்கும் கடைகளுக்குமாக வெட்டப்படுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அத்தீர்மானத்துக்குக் கையெழுத்திட்ட கமிட்டியும் கன்று நட்ட கமிட்டியும் பெரும்பாலும் ஒன்றே.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். தனிமனிதர் பழக்கத்தை மாற்றுவதால் ஆவதென்ன, அனல்மின் நிலையங்களல்லவோ மாறவேண்டும் என்பர். இதில் உண்மை உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் கார்பன் கணக்கைப் பார்க்கவேண்டும் என்ற பேச்சை இருபதாண்டுகளுக்கு முன் விளம்பரங்களால் பரப்பியதில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்னும் எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. குற்றத்தைப் பங்கிட்டுக் கொடுத்துத் தான் ஒதுங்கிக்கொள்ளும் உபாயம் அது. நம் பாவ அறிக்கையும் அறியாமலே அதைத்தான் செய்கிறது என்பது நம் கருத்து. மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்கு உழைக்கும் சகோதரியும், கார் வைத்திருக்கும் ஆயரும், மூன்று அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்திய மூப்பரும் ஒரே ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்குள் நின்று மன்னிப்புப் பெறுகின்றனர். வெள்ளத்தில் அரிசிப்பானையை இழந்தவளுக்கு இவ்வறிக்கையில் சொல்ல என்ன இருக்கிறது? அவளைப் பாவியென்று சொல்லவைப்பதனால் நம் பங்கு சிறுத்துவிடுகிறது. ஆகவே அனல்மின் நிலையத்தைக் காட்டித் தப்பிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருக்கலாம், நமக்கு இல்லை.

லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன் இவ்வாறு செய்யவில்லை. என்ன செய்யவேண்டும் என்று கேட்டு வந்த ஜனங்களுக்கு ஒரு விடை, ஆயக்காரருக்கு வேறொரு விடை, போர்ச்சேவகருக்கு இன்னொன்று. இரண்டு அங்கி உடையவனிடமே அங்கியைப் பற்றிப் பேசினான். ஒன்றும் இல்லாதவனை அவன் கடிந்துகொள்ளவில்லை. சகேயுவும் தான் திருப்பிக் கொடுப்பது நாலத்தனை என்று கணக்காகவே சொன்னான். வழிபாட்டு முறைகளை எழுதும் நம் மாணவர்கள் இப்பகுதியை முன்வைத்து, பாவ அறிக்கையைப் பிரித்து எழுதிப் பார்க்கலாம். வாகனம் உடையோர் சொல்லும் பகுதி, நிலமும் கட்டடமும் ஆளும் கமிட்டியார் சொல்லும் பகுதி, குருமார் சொல்லும் பகுதி என அமையட்டும். உப்பளத் தொழிலாளி அப்போது மௌனமாக நிற்கலாம், அல்லது சங்கீதக்காரனைப்போல் முறையிடலாம். ஆராதனையின் ஒருமை இதனால் குலையும் என்று சிலர் அஞ்சக்கூடும். அந்த ஒருமை உண்மையானதா என்பதே நம் ஐயம்.

இதனை ஒருவாறு சோதித்துப் பார்க்கவும் செய்தோம். நாம் ஊழியம் செய்யும் குருசேகரத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வரவுசெலவுக் கணக்கோடு ஆலயமும் குருமனையும் செலவிட்ட மின்சார யூனிட்டுகளையும் வாசிக்கும்படி பொருளாளரை வேண்டினோம். அவர் வாசித்தார், குளிர்சாதனம் பொருத்தியபின் ஏறிய ஏற்றத்தைக் கேட்டுச் சபையார் சற்றுச் சலசலத்தனர். அப்போது பின்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயர் காருக்குப் போட்ட பெட்ரோலையும் சேர்த்துப் படிங்க” என்றார். அது பயணப்படி என்னும் தலைப்பின்கீழ் ரூபாயாக மட்டுமே பதிவாகியிருந்தமையால் லிட்டர்க் கணக்கு எவரிடத்திலும் இல்லை. அக்கணக்கைத் தயாரித்து வைக்கும்படி தீர்மானமாயிற்று. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அது நான்காவது பொருள்.