சீபாப் மெசினோடு முதல் மாதம்: ஏன் அடிக்கடி எழும்புகிறோம்?

சீபாப் மெசின் எடுத்தவர்களில் பலர் முதல் மாதத்திலேயே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "முந்தி குறட்டை விட்டாலும் விடியும் மட்டும் படுத்தன். இப்ப ராவில ரெண்டு மூண்டு தரம் எழும்புறன்." முறைப்பாடு உண்மை. ஆனால் அந்த விழிப்புகளுக்குத் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம். வன்னியில், உருத்திரபுரத்தில் ரெஸ்மெட் நிறுவனத்தின் எயார்சென்ஸ் 10 ஓட்டோசெற் மெசினைப் பாவித்துக் கண்டதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ளும் நோய்க்குத்தான் சீபாப் மெசின் கொடுக்கிறார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்து அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கும் முறையை, அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவனின் குழு 1981இல் வெளியிட்டது. மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 தரம் மூச்சு தடைப்பட்டால் இலேசான நிலை. 30க்கு மேல் என்றால் கடுமையானது. கடுமையான நிலையில் உள்ளவர் முந்தியும் விடியும்வரை ஒழுங்காகத் தூங்கியிருக்கவில்லை. மூச்சு தடைப்பட்ட அநேக தடவைகளில் மூளை சில விநாடி விழித்துத்தான் இருக்கும். அது நினைவில் நிற்காது. இப்போதைய விழிப்பு நினைவில் நிற்கிறது.

மெசினின் சத்தம் மேலே சுற்றும் ஃபானைவிடக் குறைவு. அழுத்தம் 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரளவு வரை தானாகக் கூடிக் குறையும். நித்திரை வந்ததை உணர்ந்த பிறகே அழுத்தத்தைக் கூட்டும் ஓட்டோ ராம்ப் இதில் நல்ல வசதி. நடுச்சாமத்தில் விழித்து, முகத்தில் காற்று மோதுவது பொறுக்க முடியாமல் இருந்தால் மாஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மெசினை நிறுத்தித் திரும்பப் போட்டால் ராம்ப் மறுபடி குறைந்த அழுத்தத்திலிருந்து தொடங்கும். இதை மட்டும் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்தால் பலர் மெசினைக் கைவிட மாட்டார்கள்.

மெசினைவிட மாஸ்க் முக்கியம் என்பது என் முடிவு. மூக்குத் துவாரத்தில் பொருந்தும் வகை, மூக்கை மூடும் வகை, மூக்கோடு வாயையும் மூடும் வகை என மூன்று உண்டு. மூக்கு மாஸ்க் போட்டு வாய் திறந்து படுப்பவருக்குக் காற்று வாயால் வெளியேறும், நாக்கு காய்ந்து விழிப்பு வரும். பட்டியை இறுக்கினால் ஒழுக்கு நிற்கும் என்று நினைப்பது இயல்பு; ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு மடிந்து ஒழுக்கு கூடும், மூக்குத்தண்டும் புண்ணாகும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது பட்டியைச் சரிசெய்ய வேண்டும். மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றித் தராத கடையில் வாங்காதீர்கள்.

வன்னிக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் ரியூப்புக்குள் ஈரம் நீராகத் திரண்டு கொளகொளவென்று சத்தமிடும், சில நேரம் மூக்கிலும் தெறிக்கும். ஈரப்பதத்தை ஒரு படி குறைக்கலாம். சூடாகும் ரியூப் இருந்தால் இன்னும் நல்லது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றக்கூடாது. கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவு மெசினின் தண்ணீர்த் தொட்டியிலும் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. காய்ச்சி வடித்த நீர்தான் சரி. நுளம்புத்திரியை மெசினுக்குக் கிட்டக் கொளுத்தினால் அந்தப் புகையும் சுவாசத்துக்குள்தான் போகும். மாஸ்க் ரியூப்பை உள்ளே விட்டு நுளம்பு வலையைக் கட்டுங்கள். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசிக்குப் பில்டரை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும்.

கரண்ட் நின்றால் மெசினும் நிற்கும். உள்ளே பற்றரி கிடையாது. 2022இன் நீண்ட மின்வெட்டை மறக்காதவர்கள் மாற்று வழியை முன்கூட்டியே யோசிப்பார்கள். இந்த மெசினுக்கு வேண்டியது 24 வோல்ற். கார் பற்றரியில் ஓட்ட அதற்குரிய மாற்றி வேண்டும். ஈரப்பதமூட்டியையும் ரியூப் சூட்டையும் நிறுத்தினால் பற்றரி நெடுநேரம் தாங்கும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர் பாவித்த மெசினை அனுப்புவதுண்டு. மாதிரிப் பெயரைப் பார்த்த பிறகே வாங்குங்கள். பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்ரேஷன் உட்படப் பல மெசின்களை 2021 யூனில் திருப்பி அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து துகள் காற்றில் கலக்கக்கூடும் என்பதே காரணம்.

இரவில் சலம் போக எழும்புவதைப் பலர் சீனி வருத்தம், வயது என்று விட்டுவிடுகிறார்கள். மூச்சுவழி மூடியபடி இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவையால் இதயம் விரிந்து, சலத்தைக் கூட்டும் ஹோர்மோனைச் சுரக்கிறது. மெசின் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கினால் இந்தப் போக்கு குறைவதுண்டு. கழிப்பறை வளவின் மூலையில் இருக்கும் வீடுகளில், மழைக்காலத்து இருட்டில் ரோர்ச்சோடு பாம்புக்குப் பயந்து போகும் வயதானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அதுவரை, போகும்போது தலைப்பட்டியைக் கழற்றாமல் ரியூப்பை மட்டும் விலக்கிவிட்டுப் போகலாம்.

காலையில் திரையில் பாவித்த நேரம், மாஸ்க் பொருத்தம், மணித்தியாலத்துக்கான தடைகள் எல்லாம் தெரியும். நினைவட்டையைக் கணினியில் போட்டு ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், விழித்த நேரத்தில் ஒழுக்கா, அழுத்தமா என்று நிமிடக் கணக்கில் கண்டுபிடிக்கலாம். தொண்டை திறந்திருந்தும் மூச்சு நின்றதாக வரும் குறிகள் சிலருக்குத் தொடக்கத்தில் தோன்றித் தானாகக் குறையும். பல வாரங்கள் நீடித்தால் அந்த அட்டையோடு வைத்தியரிடம் போக வேண்டும். அழுத்த எல்லையை மாற்றுவதும் அவர் சொல்லித்தான்.